நல்லா குடுக்கட்டும்

ஏழு வருடம் நான் ஒரு செய்திச் சேனலுக்குக் கம்பம் பகுதி நிருபராக இருந்தேன். நிருபர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கழுத்தில் ஒரு அட்டை, கையில் சேனல் பெயர் போட்ட மைக், மற்றபடி போன், பைக், வெயில் எல்லாம் என்னுடையது. சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். திராட்சைக்கு விலை இறங்கினாலும், காட்டு யானை தோட்டத்துக்குள் இறங்கினாலும், மந்திரி வந்து இறங்கினாலும் நான் போய் நிற்பேன்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கூட்டிய செய்தி வந்த அன்று காலை டெஸ்க்கிலிருந்து அழைத்தார்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, நாங்கள் அனுப்புவதை வெட்டி ஒட்டுகிறவர்களுக்குத்தான் டெஸ்க் என்று பெயர்.

"மக்கள் கருத்து வேணும். ஆறு பேர். ஆளுக்குப் பதினைந்து செகண்ட். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துரணும்."

எளிதான வேலை என்று நினைத்துத்தான் பைக்கை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் பாய்லரை விட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தார். "வருசத்துல எத்தன நாளு சபைக்குப் போறாக? போனாலும் பாதி நாளு வெளிநடப்பு. வெளிய நடக்குறதுக்கு எதுக்குய்யா சம்பளம்? நானுந்தான் காலையில நடக்குறேன்." கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கை நீட்டினேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, "அரசு ஒரு நல்ல முடிவை எடுத்துள்ளது, அதை நாங்கள் வரவேற்கிறோம்" என்றார். அப்படி ஒரு தமிழை அதுவரை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

உரக்கடைக்காரர், "எனக்கு லைசென்ஸு இருக்கு தம்பி, ஆள விடு" என்றார். திராட்சை வியாபாரி அரை மணி நேரம் திட்டிவிட்டு, "இதுல எம் மூஞ்சியும் வரக்கூடாது, குரலும் வரக்கூடாது" என்றார். அப்புறம் என்னத்தைத்தான் போடுவது? ஊரில் கோபம் இல்லாத ஆள் கிடையாது. மைக்கைக் கண்டால் அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்றுதான் எனக்கு ஏழு வருடமும் விளங்கவில்லை.

நாலரை மணிக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கின. விடியும் முன்பே கம்பம்மெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் அந்த நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். ஒரு ஜீப்பிலிருந்து எங்கள் தெரு அத்தை இறங்கினார். எனக்கு நேரடிச் சொந்தம் இல்லை. அவர் என்னை மருமகனே என்பார், நான் அத்தை என்பேன், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்து மண் காயாத சேலை, கையில் தூக்குவாளி. நான் கேள்வியை முடிக்கும் முன்பே மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடுக்கட்டும்யா, நல்லா குடுக்கட்டும். பாவம், அவுகளும் பொழைக்கணும்ல? காருல ஏறி எறங்கவே எம்புட்டுச் சிரமம்! எங்களுக்கென்ன, ஒரு ஜீப்புல பதினெட்டுப் பேரு ஒருத்தி மடியில ஒருத்தி ஒக்காந்து சொகமாப் போறோம். விடியக்காலம் மெட்டுக்கு ஒரு பஸ்ஸு விடுங்கன்னு மூணு எலெக்சனாக் கேக்குறோம். ஓட்டுக் கேட்டு வந்தப்ப, 'அடுத்த மாசம் வந்துரும் ஆத்தா'ன்னு சொன்னாக. எந்த வருசத்து அடுத்த மாசம்னு நாங்களும் கேக்கல, அவுகளும் சொல்லல. எங்களுக்குக் கூலி கூட்டணும்னா கணக்குப்பிள்ளகிட்ட நின்னு மல்லுக்கட்டணும். அவுகளுக்குக் கூட்டணும்னா அவுகளே மேசயத் தட்டிக் கூட்டிக்கிறாக. நாளைக்கு நாங்களும் ஜீப்புக்குள்ள கூட்டத்தப் போட்டு, தூக்குவாளியத் தட்டிக் கூட்டிக்கிறோம். குடுப்பாகளா? கேட்டுச் சொல்லு மருமகனே."

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் தூக்குவாளியைத் தட்டினார்கள். ஏழு வருடத்தில் இப்படி ஒரு பேட்டி எனக்குக் கிடைத்ததில்லை. அங்கேயே பைக்கில் சாய்ந்து நின்று முழுவதையும் அனுப்பினேன். 'முழுசாப் போடுங்க சார், பிரமாதம்' என்று ஒரு செய்தியும் போட்டேன்.

ஏழு மணிச் செய்தியில் வந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். டீ மாஸ்டர் வரவேற்றார். யாரோ ஒரு மதுரைக்காரர் எதிர்த்தார். பிறகு அத்தை வந்தார். "குடுக்கட்டும்யா, நல்லா குடுக்கட்டும். பாவம், அவுகளும் பொழைக்கணும்ல?" அத்துடன் விளம்பரம் வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் அதைத் தனியாக வெட்டி இணையத்திலும் போட்டுவிட்டார்கள். 'நல்லா குடுக்கட்டும்! சம்பள உயர்வை வரவேற்ற கூலித் தொழிலாளி' என்று தலைப்பு வேறு.

டெஸ்க்குக்குப் போன் போட்டேன். "சார், அந்தம்மா கிண்டலாச் சொன்னாங்க. மிச்சத்தையும் போட்டாத்தான் அர்த்தம் வரும்."

"ஒரு ஆளோட பைட்டு பதினைந்து செகண்டுதாம்பா. கிண்டல்னு கீழ எழுத்தா போட முடியும்? நல்லா ஓடுது, விடு."

நல்லாத்தான் ஓடியது. அதன் கீழே எழுதியிருந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. 'ஓட்டுக்குக் காசு வாங்கினவ இப்படித்தான் பேசுவா' என்பதுதான் அதில் மரியாதையானது. எவனெவனோ, எந்தெந்த ஊரிலிருந்தோ, அத்தையின் சேலையை, முகத்தை, பிறப்பை எல்லாம் பேசியிருந்தான். அரசியல்வாதி மேல் உள்ள கோபத்தைக் காட்ட அவர்களுக்கும் ஏலக்காய் பறிக்கிற ஒரு பொம்பளைதான் அகப்பட்டாள்.

மறுநாள் மாலை ஜீப்பை விட்டு இறங்கிய அத்தை தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏலே மருமகனே, நான் எம்புட்டுப் பேசினேன்?"

"ஒண்ணேமுக்கால் நிமிசம், அத்தை."

"நீ எம்புட்டுப் போட்ட?"

நான் போடவில்லை, டெஸ்க்தான் வெட்டியது என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு டெஸ்க் என்றால் பள்ளிக்கூடத்து மேசைதான். "மேசயா வெட்டுச்சு? மைக்க நீட்டுனது நீயி. அன்னைக்கு எங்க ஜீப்புல வராத ஒருத்தி, இன்னைக்கு எம் பக்கத்துல ஒக்கார மாட்டேங்குறா. தோட்டத்துல மேஸ்திரி, 'சேச்சி இப்ப வலிய ஆளாயில்லே'ன்னு மலையாளத்துல கேலி பண்ணுறாரு, நான் பெரிய ஆளாயிட்டேனாம். எம் மக மேலூர்ல இருந்து போனப் போட்டு அழுகுறா. நான் சொன்னது முழுசா வரணும். என்ன செய்வியோ தெரியாது."

அன்றே முழுப் பேச்சையும் என் சொந்தப் பக்கத்தில் ஏற்றினேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எங்கள் தெருவும், ஜீப்பில் இருந்த சிலரும், என் மனைவியின் அண்ணனும் பார்த்தார்கள். அதற்கு மேல் அது நகரவில்லை. சேனல் போட்டது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பேட்டி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. 'மக்கள் பிரதிநிதியுடன் அரை மணி நேரம்' என்று நிகழ்ச்சி. இதுதான் சமயம் என்று நினைத்தேன். பஸ்ஸைப் பற்றி நேருக்கு நேராகக் கேட்டுவிடலாம்.

பயணியர் விடுதியில் பதினோரு மணிக்கு என்றார்கள். அரை மணி நேர நிகழ்ச்சி என்பதால் ஒரு கேமராவை இரவல் வாங்கிப் போய் முக்காலி ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் ஒன்றரை மணிக்கு வந்தார். அதற்குள் அவருடைய உதவியாளர் என் கேள்வித்தாளை வாங்கி, பேனாவால் இரண்டு இடத்தில் அடித்துவிட்டார். "சம்பளம் வேணாம், அது முடிஞ்ச விசயம். பஸ்ஸும் வேணாம், அது நம்ம துறை இல்ல. தொகுதியில செஞ்ச சாதனைகளைச் சொல்லுங்கன்னு கேளுங்க, அதுலயே அரை மணி நேரம் ஓடிரும்."

ஓடியது. நான் ஒரு வரி கேட்டால் அவர் எட்டு நிமிடம் பேசினார். எதிர்க்கட்சி ஆட்சியில் என்ன நடக்கவில்லை என்பதை வருடவாரியாகச் சொன்னார். குறுக்கே புகுந்தால், "முடிச்சிர்றேன் தம்பி" என்று கையைக் காட்டுவார், முடிக்க மாட்டார். தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலித்தது. இருபத்தைந்து நிமிடம் ஆனதும், அடித்த கேள்வியையே கேட்டேன்.

"சார், உங்க சம்பளத்தைக் கூட்டினதுல மக்களுக்கு ரொம்ப வருத்தம் இருக்கு..."

அவர் சிரித்தார். "என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? உங்க சேனல்லதானே பாத்தேன்! ஒரு ஏழைத் தாய், கூலி வேலைக்குப் போறவங்க, 'நல்லா குடுக்கட்டும், அவங்களும் பொழைக்கணும்'னு சொன்னாங்களே. மக்களுக்கு எங்க கஷ்டம் தெரியுது. உங்கள மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியல."

"சார், அந்தம்மா எங்க தெரு. அவங்க சொன்னது அதுமட்டும் இல்ல. முழுசா எங்கிட்ட இருக்கு" என்று சொல்லி, போனில் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் பார்த்தார். இடையில் நிறுத்தவில்லை. மேசை தட்டுவதைப் பற்றி அத்தை சொன்ன இடத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. தூக்குவாளிச் சத்தம் முடிந்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, மேடையில் பேசாத ஒரு குரலில் சொன்னார்: "எங்கம்மாவும் ஏலத்தோட்டத்துக்குப் போனவுகதான் தம்பி. அப்ப ஜீப்பு ஏது? மெட்டு ஏறி நடந்தே போவாக. இந்த அக்கா கேக்குறது நியாயந்தான். இம்புட்டு வருசத்துல ஒரு பஸ்ஸு விட்டிருக்கணும். விடல."

அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

உதவியாளர் ஓடி வந்து கேமராவைக் கையால் மறைத்தார். எம்.எல்.ஏ. துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, "கடைசியில பேசினத மட்டும் வெட்டிருங்க தம்பி. பஸ்ஸு விசயத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"ஏன் சார் வெட்டணும்? வந்ததிலிருந்து நீங்க நல்லாப் பேசினதே அது ஒண்ணுதான்."

"அதுதான் தம்பி வம்பு. 'பஸ்ஸு விடல, எம்.எல்.ஏ.வே ஒத்துக்கிட்டாரு'ன்னு நாளைக்குப் பதினைந்து செகண்டு ஓடும். உங்காளுக எப்படி வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அத்தையின் பேச்சை வெட்டிய அதே கத்திதான் இங்கேயும். கேமராவைக் கழற்றி ஸ்டாண்டை மடக்கினேன்.

ஆனாலும் எதையும் நீக்காமல் முழுவதையும் டெஸ்க்குக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பினார்கள். சாதனைகள் எல்லாம் வந்தன. என் கேள்வி வந்தது. 'ஒரு ஏழைத் தாய் சொன்னாங்களே' என்று அவர் சொன்னபோது, திரையின் பாதியில் மறுபடியும் அத்தை வந்து, "குடுக்கட்டும்யா, நல்லா குடுக்கட்டும்" என்றார். நிகழ்ச்சி முடிந்தது. அவருடைய அம்மா மெட்டு ஏறி நடந்ததும் அதில் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை.

அன்று ஞாயிறு, தோட்டத்துக்கு விடுமுறை. அத்தை வீட்டில்தான் இருந்தார். போய் நின்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டவில்லை. முறத்தில் பயறைப் புடைத்துக்கொண்டே, "என்னையக் கொண்டுபோய் அவுக பக்கத்துல ஒக்கார வச்சுட்டேல்ல. போ மருமகனே, எனக்கு வேல கெடக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று வீட்டில் என் மனைவியிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். அவள், "சேனல்காரவுகளக் கேக்க வேண்டியத எங்கிட்ட ஏன் கேக்குறீக?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, நம்பினால் நம்புங்கள், பஸ் வந்தது. வாழை மரம் கட்டி, மாலை போட்டு, எம்.எல்.ஏ. வந்து கொடியசைத்தார். நானும் மைக்கோடு போயிருந்தேன். 'தாய்மார்களின் கோரிக்கையை ஏற்று' என்று பேனரில் எழுதியிருந்தது. தாய்மார் ஒருவர்கூட அங்கே இல்லை. ஏனென்றால் பஸ் புறப்படும் நேரம் காலை எட்டு நாற்பது. தாய்மார்கள் ஐந்தரைக்கே ஜீப்பில் ஏறி, ஏலச் செடிக்குள் குனிந்து நிற்கிற நேரம் அது. முதல் பயணத்தில் கட்சிக்காரர்கள் மெட்டு வரைக்கும் போய், டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எம்.எல்.ஏ.விடம், "சார், இவங்களுக்கு விடியக்காலத்துலதானே பஸ் வேணும்?" என்று கேட்டேன். "முதல்ல பஸ்ஸு வரட்டும் தம்பி, நேரமெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். நல்லது நடக்கும்போது குறை சொல்லக் கூடாது" என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று மாலை அத்தை, இரண்டு மாதத்துக்குப் பிறகு, என் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஜீப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"ஏலே, திங்கக்கெழம நாங்க யாரும் தோட்டத்துக்குப் போகல. டிப்போவுக்குப் போறோம். நீயும் வா. மைக்கத் தூக்கிட்டு வந்துறாத. பேனாவ எடுத்துட்டு வா."

நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. டிப்போ வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நான் மனு எழுதினேன். அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. மேலாளர் நல்ல மனிதர்தான். கோப்பை எடுத்துக் காட்டினார். "எங்களுக்கு வந்த கடிதத்துலயே எட்டு நாப்பதுன்னுதாம்மா இருக்கு. நாங்களா போட்ட நேரம் இல்ல."

"யாரு போட்டது?"

"எம்.எல்.ஏ. ஆபீஸுல இருந்து வந்தது."

அத்தை திரும்பி மற்ற பெண்களிடம் சொன்னார்: "அவுக எந்திரிக்கிற நேரத்தப் போட்டிருக்காக."

மேலாளருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்பால் பஸ் நேரம் மாறுமா? மேலே எழுத வேண்டும் என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டுக்கொண்டு தேனிக்குப் போனோம். அங்கே அதிகாரி விடுப்பில் இருந்தார். மறுபடி போனோம். மூன்றாம் தடவை, மனுவை வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டைத் தராமல் நகர மாட்டோம் என்று பெண்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். இந்த அலைச்சலில் ஒன்றைக்கூட டெஸ்க் போடவில்லை. "நேரம் மாத்தச் சொல்லி மனு குடுக்குறது நியூஸாப்பா? யாராச்சும் மயக்கம் போட்டு விழுந்தாங்களா?" என்று கேட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அட்டையையும் மைக்கையும் பார்சலில் அனுப்பிவிட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது கம்பத்தில் திராட்சைக்கு மருந்து விற்கும் கடையில் இருக்கிறேன்.

அந்தச் சீட்டைக் காட்டிக் காட்டிப் பெண்கள் விடாமல் அலைந்ததில், அந்தப் பஸ் இப்போது காலை ஐந்து பத்துக்குப் புறப்படுகிறது. சில நாள் ஐந்தரை ஆகிவிடும், சில நாள் வராது. வராத நாளில் மறுபடி ஜீப்புதான். வருகிற நாளில் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது.

போன தை மாதம் ஊரில் ஒரு கல்யாணம். எம்.எல்.ஏ. வந்திருந்தார். போட்டோக்காரர்கள் சூழ மண்டபத்துக்குள் வந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார்.

"என்ன தம்பி, பஸ்ஸு கேட்டீங்க, விட்டாச்சு பாத்தீங்களா?"

"நீங்க விட்டது எட்டு நாப்பதுக்கு சார். அஞ்சு பத்துக்கு மாத்துனது தோட்டத்துக்குப் போற பொம்பளைக."

சொல்லிவிட்டேன். ஆனால் அவர் என் கையைப் பிடித்தபடியே போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அடுத்த கைக்கு நகர்ந்துவிட்டார். என் வார்த்தை அவர் காதில் விழுந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் படம் எங்கே, என்ன தலைப்போடு வரும் என்ற எரிச்சலோடு பந்திக் கூடத்துக்குள் போனேன்.

அத்தை ஒரு வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "அவுக காதுல விழுந்துச்சோ என்னமோ" என்றேன்.

"விழுகாட்டிப் போகுது. அவுக காதுல விழுந்தா பஸ்ஸு நேரம் மாறுச்சு? நீதான் இன்னும் அவுககிட்ட மைக்க நீட்டிக்கிட்டே நிக்கிற" என்றார். பக்கத்து இடத்தைப் பிடித்து வைத்திருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஒக்காரு, எல போட்டாக."